இரண்டணாவில் எழுந்த வங்கி

வங்கி என்றதும் நம் கண்முன் வருவது என்ன? பட்டணத்துத் தெருவில் ஒரு பெரிய கட்டடம். வாசலில் காவலாளி. உள்ளே மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து பார்க்க நேரமில்லாத ஓர் எழுத்தர். நாம் அதைத் தேடிப் போகவேண்டுமே தவிர, அது நம்மைத் தேடி வருவதில்லை. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அங்கே போய்வருவதென்றாலே ஒரு நாள் பேர் கெட்டுவிடும். ஆகவே மிஞ்சிய காசு அரிசிப் பானைக்குள் ஒளிந்தது. சீட்டுப் பிடிப்பவரிடம் போனது. கடைக்காரர் கணக்கில் கழிந்தது.

இது நம் தோட்டங்களுக்கு மட்டும் உரிய கதையன்று. தென்னிந்தியாவின் மேற்குக் கரையிலே உடுப்பி என்று ஓர் ஊர் உண்டு. கிருஷ்ணன் கோயிலுக்குப் பேர்போன ஊர். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பு அங்கேயும் ஏழைகளின் நிலை இதுதான். அந்த ஊரில் டாக்டர் ஒருவர், வங்கியையே ஏழையின் வாசலுக்கு நடந்துபோக வைத்தார். அவர் பெயர் தோன்சே மாதவ அனந்த பை. சுருக்கமாக டி.எம்.ஏ. பை என்பார்கள். இன்று நாம் அவருடைய வரலாற்றைப் பார்ப்போம்.

முதலில் அந்த வட்டாரத்தைத் தெரிந்துகொள்வோம். உடுப்பியும் மங்களூரும் அடங்கிய அந்த மாவட்டத்துக்குத் தென் கன்னடம் என்று பெயர். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. மறுபக்கம் அரபிக் கடல். துளு, கன்னடம், கொங்கணி என்று பல மொழிகள் புழங்கும் இடம். 1956-ஆம் ஆண்டு வரை அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தே இருந்தது. பெரிய ஆலைகள் இல்லை, சுரங்கங்கள் இல்லை. மீன்பிடிப்பு, நெல், தென்னை, கைத்தறி, ஓட்டுத் தொழில் இவைதான் பிழைப்பு. இப்படிப்பட்ட ஓர் எளிய மாவட்டத்திலிருந்து, பின்னாளில் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட வங்கிகளில் நான்கு பிறந்தன என்றால் நம்புவது கடினம். ஆனால் உண்மை. கனரா வங்கி, கார்ப்பரேஷன் வங்கி, சிண்டிகேட் வங்கி, விஜயா வங்கி என்பன அந்த நான்கு.

டாக்டர் பை வெறும் நிலத்தில் விதை போட்டவர் அல்லர். அவருக்கு முன்னரே அங்கே வழி போட்டவர்கள் இருந்தார்கள். 1906-ஆம் ஆண்டில் உடுப்பியில் ஹாஜி அப்துல்லா என்ற வணிகரும் அவருடைய நண்பர்களும் 5,000 ரூபாய் முதலோடு ஒரு வங்கியைத் தொடங்கினார்கள். முதல் நாள் மாலை கணக்குப் பார்த்தபோது பெட்டியில் இருந்தது 38 ரூபாய் 13 அணா 2 பை! அதுவே பிற்காலத்தில் கார்ப்பரேஷன் வங்கி ஆயிற்று. அதே ஆண்டில் மங்களூரில் அம்மெம்பால் சுப்பாராவ் பை என்ற வழக்கறிஞர் ஒரு நிதியை நிறுவினார். அது வளர்ந்து கனரா வங்கி ஆயிற்று. அந்த 1906-ஆம் ஆண்டில்தான் சென்னையில் ஆர்பத்னாட் என்ற வெள்ளையர் வங்கி திவாலாகி, எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பை விழுங்கியது. நம் பணத்தை நாமே காப்போம் என்ற எண்ணம் அப்போது தென்னாடு முழுதும் பரவியிருந்தது.

இனி நம் டாக்டருக்கு வருவோம். மாதவ பை 1898-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் உடுப்பிக்கு அருகிலுள்ள கல்யாண்பூரில் பிறந்தார். சென்னைக்குச் சென்று மருத்துவம் படித்தார். படிப்பு முடிந்ததும் உடுப்பிக்குத் திரும்பி வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அந்நாளில் பட்டம் பெற்ற டாக்டர் ஒருவர் சென்னையிலேயோ பம்பாயிலேயோ தங்கிவிட்டால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஊருக்கே வந்தார்.

வறுமை, அறியாமை, நோய் இம்மூன்றும் மக்களின் பகைவர்கள் என்பது அவருடைய கருத்து. இப்படி மேடையில் சொல்பவர்கள் அந்தக் காலத்திலும் பலர், இந்தக் காலத்திலும் பலர். இவருடைய தனிச்சிறப்பு, முதலில் வறுமையைப் பிடித்ததுதான். வைத்தியர் எதற்காக வங்கிப் பக்கம் போகவேண்டும் என்று கேட்கலாம். மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் போதுமா? மருந்து வாங்கவும், பத்தியம் இருக்கவும், நாலு நாள் வேலைக்குப் போகாமல் படுத்திருக்கவும் காசு வேண்டுமே! ஏழைக்கு நோய் வந்தால் அதன் பின்னாலேயே கடனும் வந்துவிடும். இது நமக்கெல்லாம் தெரிந்த கதைதான்.

அந்தச் சமயத்தில் தென் கன்னடத்துக் கைத்தறி நெசவாளர்கள் பெரும் நெருக்கடியில் இருந்தார்கள். ஆலைத் துணி மலிந்துவிட்டது. நூல் வாங்க முதல் இல்லை. கடன் கொடுத்தவர்களுக்கு வட்டி கட்டவே உழைப்பு போய்விட்டது. தறி நின்றால் அடுப்பும் நின்றுவிடும். அவர்களுக்கு நியாயமான கடன் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று மூவர் கூடினர். ஒருவர் டாக்டர் பை. மற்றொருவர் அவருடைய தமையனார் உபேந்திர அனந்த பை, வணிகர். மூன்றாமவர் வாமன் குட்வா, பொறியியல் படித்தவர். 1925-ஆம் ஆண்டு இம்மூவரும் சேர்ந்து உடுப்பியில் ஒரு வங்கியைத் தொடங்கினர். அதன் பெயர் கனரா தொழில் மற்றும் வங்கிச் சிண்டிகேட். கையிலிருந்த முதல் 8,000 ரூபாய்.

கடன் கொடுக்கலாம், சரி. கடன் கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும்? பணக்காரர்களின் வைப்புத்தொகையை வாங்குவதற்கு ஏற்கெனவே வங்கிகள் இருந்தன. இங்கேதான் டாக்டர் பையும் அவருடைய கூட்டாளிகளும் யாரும் எண்ணாத ஒன்றை எண்ணினார்கள். கடன் தேவைப்படுகிற அதே ஏழைகளிடமே சேமிப்பும் இருக்கிறது என்றார்கள்.

கேட்பதற்கு இது வேடிக்கையாக இருக்கும். இல்லாதவனிடம் என்ன இருக்கும்? ஆனால் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நம் தோட்டங்களில் சம்பள நாள் என்று ஒன்று உண்டு. அன்று மொத்தமாகக் காசு கைக்கு வரும். கடற்கரையில் மீன் விற்கும் பெண்ணுக்கும், சின்னக் கடை வைத்திருப்பவருக்கும், கூலிக்குப் போகிறவருக்கும் அப்படியில்லை. அன்றாடம் காசு வரும், அன்றாடம் கரைந்துபோகும். அவர்களிடம் மாதக் கடைசியில் ஐந்து ரூபாய் கொண்டுவா என்றால் முடியாது. இன்று மாலை இரண்டணா கொடு என்றால் கொடுப்பார்கள். வெற்றிலை பாக்குக்கும் தேநீருக்கும் போகிற காசு அது.

ஆனால் இரண்டணாவை எடுத்துக்கொண்டு யார் வங்கிக்கு நடப்பார்? நடந்தாலும் அந்தப் பெரிய மேசையின் முன்னே அதை எடுத்துவைக்க வெட்கமாக இருக்காதா? எனவே வங்கியே அவர்களிடம் போகட்டும் என்று முடிவாயிற்று. 1928-ஆம் ஆண்டு அந்தத் திட்டம் தொடங்கியது. பெயர் பிக்மி சேமிப்பு. பிக்மி என்றால் குள்ளர் என்று பொருள். ஆப்பிரிக்காவிலுள்ள ஓர் இனத்தாரை வெள்ளையர்கள் அழைத்த பெயர். இன்று யாரும் இப்படிப் பெயர் வைக்கமாட்டார்கள். ஆனாலும் சிறிய சேமிப்பு என்ற பொருளில் அந்தச் சொல் கன்னட நாட்டில் வேரூன்றிவிட்டது.

நடைமுறை மிகவும் எளிது. வங்கியின் முகவர் ஒருவர் தெருத்தெருவாகப் போவார். சேமிப்பவருடைய வீட்டுக்கோ கடைக்கோ நாள்தோறும் செல்வார். இரண்டணாவானாலும் வாங்கிக்கொண்டு, அவர் முன்னிலையிலேயே அட்டையில் வரவு எழுதிக் கொடுப்பார். வசூலான தொகையைக் கிளையில் கட்டிவிடுவார். முகவருக்கு வசூலில் ஒரு பங்கு தரகாகக் கிடைக்கும். சேமித்தவருக்கு வட்டி உண்டு. தேவைப்பட்டால் அந்தச் சேமிப்பின் பேரிலேயே கடனும் உண்டு.

இதில் உள்ள கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். அந்தக் காலத்து ரூபாய்க்குப் பதினாறு அணா. நாள் ஒன்றுக்கு இரண்டணா என்றால் ஆண்டுக்கு 730 அணா. அதாவது 45 ரூபாய் 10 அணா. ஒரு குடும்பத்துக்கு இது கையிருப்பு; திடீரென்று நோயோ சாவோ வந்தால் வட்டிக்காரர் வாசலில் நிற்காமலிருக்க உதவும். வங்கியின் பக்கத்திலிருந்து பார்ப்போம். இப்படி 175 பேர் சேமித்தால் ஓராண்டில் ஏறக்குறைய 8,000 ரூபாய் சேர்ந்துவிடும். மூன்று பெரிய மனிதர்கள் கூடிப் போட்ட முதல் எவ்வளவோ, அவ்வளவு! இதைச் சேர்க்க ஒரு சிற்றூரின் ஒரு தெரு போதும். வங்கியின் உண்மையான முதலாளிகள் யார் என்று இப்போது புரிகிறதல்லவா?

குறையையும் சொல்லிவிட வேண்டும். வீடுவீடாக ஆள் அனுப்புவதற்குச் செலவாகும். அந்தச் செலவினால், மொத்தமாகப் பணம் போடுகிறவருக்குக் கிடைக்கும் வட்டியைவிடத் தினமும் போடுகிறவருக்குக் குறைவாகவே கிடைத்தது. ஏழையின் காசுக்கு மட்டும் ஏன் குறைந்த வட்டி என்று கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் பானைக்குள் கிடக்கும் காசுக்கு வட்டியே இல்லை என்பதையும், அது பானைக்குள்ளேயே தங்குவதில்லை என்பதையும் நம் வீட்டுப் பெண்கள் நன்றாக அறிவார்கள்.

மலாயாவில் நம் மக்கள் அறிந்த வங்கித் தொழில் செட்டியார்களுடையது. கிட்டங்கியில் அமர்ந்து, நிலத்தின் பேரிலும் நகையின் பேரிலும் கடன் கொடுத்தார்கள். அடகு வைக்க ஏதாவது இருந்தவனுக்கு அங்கே வழி இருந்தது. அடகு வைக்க ஒன்றுமில்லாதவனை வாடிக்கையாளனாக நினைத்தது உடுப்பித் திட்டத்தின் புதுமை.

நம்பிக்கை இல்லாமல் இது நடக்காது. தெருவில் வருகிற முகவரை நம்பவேண்டும். அவருக்குப் பின்னாலிருக்கும் வங்கியை நம்பவேண்டும். அந்தக் காலத்து வங்கிகள் எத்தனையோ கவிழ்ந்தன. 1938-ஆம் ஆண்டு திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலோன் வங்கி மூடப்பட்டது. 1960-ஆம் ஆண்டு கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது. அதன் பிறகுதான் இந்திய அரசு, 1962-ஆம் ஆண்டு முதல், வைப்புத்தொகைக்குக் காப்புறுதி ஏற்பாடு செய்தது. அதற்கு முன்னால் வங்கி போனால் பணமும் போயிற்று. இத்தனை புயலுக்கும் நடுவே டாக்டர் பையின் வங்கி நின்றது. சில பெரிய புள்ளிகளின் பணத்தை நம்பியிருந்த வங்கியில், ஒரு வதந்தி கிளம்பினால் அந்தச் சிலர் ஓடிவந்து பணத்தை எடுத்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறுகச் சிறுகப் போட்டிருக்கும் இடத்தில் அப்படி ஒரே மூச்சில் காலியாவது எளிதன்று. வங்கி நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

வங்கி பட்டணங்களை மட்டும் நோக்கி வளரவில்லை. சிற்றூர்களுக்குப் போயிற்று. 1946-ஆம் ஆண்டில் ஒரே நாளில் 29 கிராமக் கிளைகளைத் திறந்தார்கள். 1964-ஆம் ஆண்டில் தலைமையகம் மணிப்பாலுக்கு வந்தது. சிண்டிகேட் வங்கி என்ற சுருக்கமான பெயரும் நிலைத்தது. டாக்டர் பையின் தமையனார் மகன் டி.ஏ. பை நிர்வாகத்தில் முன்னின்று, உழவர்களுக்குக் கடன் கொடுக்கும் வேலையை விரிவாக்கினார். இவர் பின்னாளில் இந்திய உணவுக் கழகத்தின் முதல் தலைவராகவும், மத்திய அரசில் இரயில்வே அமைச்சராகவும் விளங்கினார்.

மணிப்பால் என்றோமே, அது என்ன ஊர்? உடுப்பிக்குக் கிழக்கே, செம்புறைக் கல் நிறைந்த ஒரு மொட்டைக் குன்று. அங்கே குளம் ஒன்று உண்டு. அதற்கு மண்ணுபள்ள என்று துளு மொழியில் பெயர். மண்ணுபள்ளதான் மணிப்பால் ஆயிற்று என்பர். யாரும் விரும்பாத அந்தக் குன்றின்மீது டாக்டர் பை தம்முடைய மற்ற இரண்டு பகைவரையும் எதிர்க்கக் கோட்டை கட்டினார். 1942-ஆம் ஆண்டு ஒரு கல்விக் கழகம் அமைத்தார். 1949-இல் உடுப்பியில் மகாத்மா காந்தி நினைவுக் கல்லூரி வந்தது. 1953-இல் மணிப்பாலில் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி தொடங்கியது.

இந்த மருத்துவக் கல்லூரியைப் பற்றிச் சற்று நின்று பேசத்தான் வேண்டும். நம் நாட்டுக்கும் அதனோடு உறவு உண்டு. மலேசியாவிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் மணிப்பாலுக்குச் சென்று டாக்டராகித் திரும்பினார்கள். 1997-ஆம் ஆண்டில் மலாக்காவிலேயே மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் ஒன்று தொடங்கப்பட்டது. நம்மவர்களில் மணிப்பால் என்ற பெயரைக் கேட்காதவர் குறைவு. அந்தப் பெயருக்குப் பின்னால் இரண்டணாச் சேமிப்பு இருப்பதை அறிந்தவரும் குறைவுதான்.

அரசாங்கம் பணம் போடாமல், தனியார் முயற்சியில் மருத்துவக் கல்லூரி நடத்த முடியும் என்று அந்நாளில் யாரும் நம்பவில்லை. டாக்டர் பை நடத்திக் காட்டினார். மாணவர்கள் பாடம் படிக்க மணிப்பால். நோயாளிகளைப் பார்த்துப் பயிற்சி பெற மங்களூரிலிருந்த அரசாங்க வென்லாக் மருத்துவமனை என்று ஏற்பாடு செய்துகொண்டார். கெட்டிக்காரத்தனமான வழி. ஆனால் கல்லூரிக்கு முதல் வேண்டுமே! அதைச் சேர வருகிற மாணவர்களின் பெற்றோரிடமிருந்து நன்கொடையாகப் பெற்றார்கள். இந்தியாவில் தனியார் கல்லூரிகள் பணம் வாங்கிக்கொண்டு இடம் கொடுக்கும் வழக்கம் இங்கிருந்துதான் பரவிற்று என்று குறை சொல்பவர்கள் உண்டு.

அந்தக் குறையை நாம் ஒதுக்கிவிட முடியாது. வங்கியில் இரண்டணாக்காரரும் உள்ளே வரலாம். கல்லூரியில் இரண்டணாக்காரரின் மகன் வருவது எளிதன்று. நெசவாளியைத் தேடிப் போன அதே மனிதர் கட்டிய கல்லூரியின் வாசலில், நெசவாளியின் பிள்ளை பணத்துக்காகத் திகைத்து நின்றிருப்பான். நம்மிடையேயும் நகையை விற்று, வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை இந்தியாவுக்கு அனுப்பிய பெற்றோர்கள் இருந்தார்கள். அது எவ்வளவு பெரிய சுமை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆயினும், அரசாங்கக் கல்லூரிகளில் இடம் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தபோது, அந்த மொட்டைக் குன்று ஆயிரமாயிரம் டாக்டர்களை உண்டாக்கியது. அதன் மருத்துவமனையில் அந்த மாவட்டத்து ஏழைகளும் சிகிச்சை பெற்றார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

இந்த வழக்கு வேறொரு விதமாக நீதிமன்றத்துக்கும் போயிற்று. டாக்டர் பை காலமான பிறகு, அவர் பெயரிலமைந்த அறக்கட்டளை தொடுத்த வழக்கில் 2002-ஆம் ஆண்டு இந்திய உச்சநீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அமர்ந்து தீர்ப்புக் கூறினார்கள். தனியார் கல்லூரி நடத்தும் உரிமையை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் இடத்துக்குப் பணம் வசூலிப்பதும் கொள்ளை இலாபம் அடிப்பதும் கூடாது என்றார்கள். சட்டம் படிப்பவர்கள் இன்றும் டி.எம்.ஏ. பை வழக்கு என்று அதைக் குறிப்பிடுகிறார்கள்.

வங்கிக்குத் திரும்புவோம். 1969-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் இந்திய அரசு 14 பெரிய வங்கிகளைத் தேசவுடைமை ஆக்கியது. சிண்டிகேட் வங்கியும் அவற்றில் ஒன்று. 44 ஆண்டுகளுக்கு முன் 8,000 ரூபாயில் தொடங்கியது, நாட்டின் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் அளவுக்கு வளர்ந்திருந்தது. கிராமங்களுக்கு வங்கி போகவேண்டும் என்பதும் தேசவுடைமைக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. 1975-ஆம் ஆண்டு கிராமப்புறங்களுக்கென்றே தனி வங்கிகள் அமைக்கத் தொடங்கியபோது, அவற்றில் முதலாவதை வட இந்தியாவிலுள்ள மொரதாபாத்தில் தொடங்கிவைத்தது சிண்டிகேட் வங்கியே. டாக்டர் பைக்கு 1972-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1979-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் அவர் காலமானார்.

வெயிலிலும் மழையிலும் தெருத்தெருவாக நடந்தார்களே, அந்த முகவர்கள் என்ன ஆனார்கள்? பெரியவர்களின் வரலாற்றில் இவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை. பாட்டாளிக் குடும்பங்களாகிய நாம் அவர்களை விட்டுவிடுவது நியாயமன்று. ஊழியர் என்ற பெயர் அவர்களுக்குக் கிடையாது. மாதச் சம்பளம் கிடையாது. வசூல் நடந்தால் தரகு, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. வங்கிகளின் வாதம் அவர்கள் வேலையாட்களே அல்லர் என்பது. முகவர்கள் போராடினார்கள். 1988-இல் ஐதராபாத்திலிருந்த தொழில் தீர்ப்பாயம் அவர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. கடைசியில் 2001-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றமும் அவர்களைத் தொழிலாளர்கள் என்றே உறுதிசெய்தது. அந்த வழக்கில் தொழிலாளர் தரப்பாகப் பெயர் பெற்றவர்கள் சிண்டிகேட் வங்கியின் தொழிலாளர்கள்தாம். திட்டம் பிறந்து 73 ஆண்டுகள் கழித்து இந்தச் சொல் அவர்களுக்குக் கிடைத்தது.

சிண்டிகேட் வங்கி என்ற பெயர் இன்று இல்லை. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அது கனரா வங்கியோடு இணைக்கப்பட்டது. 1906-இல் மங்களூர் வழக்கறிஞர் தொடங்கிய நிதியும் 1925-இல் உடுப்பி டாக்டர் தொடங்கிய வங்கியும் இப்படி ஒன்றாயின. அதே நாளில் ஹாஜி அப்துல்லாவின் வங்கி யூனியன் வங்கிக்குள் போயிற்று. உடுப்பிக் கடைத்தெருவிலோ பழைய பழக்கம் மறையவில்லை. கூட்டுறவுச் சங்கங்களின் முகவர்கள் இன்றும் கடைகடையாகப் போகிறார்கள். அணா போய் ரூபாய் வந்துவிட்டது; கையால் வரவெழுதிய அட்டைக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு இயந்திரம் ரசீதை அச்சிட்டுத் தருகிறது. அந்தச் சேமிப்பை அங்குள்ள மக்கள் இப்போதும் பிக்மி என்றே சொல்கிறார்கள்.